போட் ராம்பில் கயாக் இறக்கலாமா? டாலஸ் நண்பருக்கு ஒரு விரிவான பதில்

டாலஸ் பக்கம் குடிவந்து ஓராண்டு ஆன ஒருவரின் கேள்வி இது. துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகான கயாக்கில், மீன்பிடிக்கென்றே உள்ள 12 அடி கயாக் ஒன்றை வாங்கியிருக்கிறார். முதல் சனிக்கிழமை விடியுமுன் லூயிஸ்வில் ஏரிக்குப் போய், படகுகளைத் தண்ணீரில் இறக்கும் சிமென்ட் சரிவான ராம்பின் அடிவரை காரை ரிவர்ஸில் இறக்கி, கூரையிலிருந்து கயாக்கை எடுத்து வைத்து, சீட் மாட்டி, தூண்டிலுக்கு முள் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் பெரிய படகோடு காத்திருந்தவர் ஹார்ன் அடித்து, "இது போட் ராம்ப், பொம்மைகளுக்கு இல்லை" என்று கத்தியிருக்கிறார். கயாக்குக்கு அங்கே உரிமை உண்டா, நம் நிறத்தைப் பார்த்துத்தான் கத்தினாரா, ஏரியை விட்டுப் போகும்போது கயாக்கிலும் தண்ணீரை வடிக்க வேண்டும் என்று வேறொருவர் சொன்னது உண்மையா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: "அந்த இடத்தில் நான் எப்படி நடந்திருக்க வேண்டும்?" நண்பர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான் என்று நினைக்கிறேன். 14 வருடமாக வடக்கு டெக்சஸ் ஏரிகளில் கயாக்கில் மீன் பிடிக்கிறேன். லூயிஸ்வில், ரே ராபர்ட்ஸ், லவோன் மூன்றும் எனக்கு நன்றாகப் பழக்கம். புதிதாக வருகிறவர்களைக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். சட்டம் படித்தவன் அல்ல. கடலோர ராம்ப்களில் ஒரு சில முறைதான் இறங்கியிருக்கிறேன். ஓதமும் அலையும் உள்ள இடத்துக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் உரிமை. பொது ராம்ப் என்றால் கயாக்குக்கும் உரிமை உண்டு. லூயிஸ்வில், லவோன், கிரேப்வைன், ரே ராபர்ட்ஸ், டெக்சோமா எல்லாமே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டிய ஏரிகள். அவற்றின் கரையில் உள்ள பூங்காக்களைச் சில இடங்களில் அந்தப் படையும், சில இடங்களில் மாநிலமோ நகராட்சியோ நடத்துகின்றன. நுழைவுக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், அதை வாசல் பலகையில் பார்த்துக்கொள்ளலாம். தனியார் மெரினாவின் (படகு நிறுத்துமிடத்தின்) ராம்ப் வேறு கணக்கு. அங்கே அவர்கள் வைத்ததுதான் விதி.

"கயாக்காரன் காசு கட்டுவதில்லை" என்று ராம்பில் அடிக்கடி ஒரு பேச்சு கேட்கும். அது பாதிதான் உண்மை. 1950-ல் வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டப்படி, தூண்டில் சாமான்கள் மீது தயாரிப்பாளரிடமே மத்திய வரி வசூலிக்கப்படுகிறது. பெரும்பாலான சாமான்களுக்கு அது 10 சதவீதம். 1984-ல் வந்த திருத்தம் மோட்டார் படகு எரிபொருள் வரியையும் இந்த நிதியில் சேர்த்தது. இப்படிச் சேரும் பணம் மாநிலங்களுக்குத் திரும்பி வருகிறது. அதில் குறைந்தது 15 சதவீதத்தைப் படகு இறக்கும் வசதிகளுக்குச் செலவிட வேண்டும். ஆகவே நீங்கள் வாங்கிய ரீலிலும் முள்ளிலும் ராம்பின் சிமென்டுக்கான காசு சேர்ந்தே இருக்கிறது. அதே நேரத்தில், அந்தப் பெரிய படகுக்காரர் எரிபொருளிலும் கட்டுகிறார், படகுப் பதிவுக் கட்டணமும் கட்டுகிறார். மோட்டார் இல்லாத கயாக்குக்கு டெக்சஸில் பதிவே தேவையில்லை. உரிமை சமம், கொடுப்பது சமமில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பேச்சு சூடாகாது.

இனி அவர் ஏன் கத்தினார் என்பதற்கு வருகிறேன். நான் கயாக் வாங்கிய முதல் வருடம், நீங்கள் செய்ததைவிட மோசமாக ஒன்று செய்தேன். கயாக்கை ராம்பின் நடுவில் தண்ணீர் ஓரமாக வைத்துவிட்டு, காரை நிறுத்தப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஒரு பிக்கப் டிரக், படகை ஏற்றி இழுத்துவரும் ட்ரெய்லரோடு பாதிச் சரிவில் நின்றிருந்தது. அதிலிருந்து எழுபது வயதுக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ டிரைவர் சீட்டைக் காட்டி, "ஏறி உட்கார், கண்ணாடியைப் பார்" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். பக்கக் கண்ணாடியில் ட்ரெய்லரின் சக்கரமும் படகின் விலாவும் தெரிந்தன. நடுக் கண்ணாடி முழுக்கப் படகின் மூக்கு. என் கயாக் எங்கேயும் இல்லை. 12 அடி நீளத்தில் பளிச்சென்ற மஞ்சள் நிறம், முப்பது அடி தள்ளிக் கிடக்கிறது, கண்ணுக்கே தெரியவில்லை. "உன் படகை எதேச்சையாகத்தான் பார்த்தேன். நீ அதன் பக்கத்தில் குனிந்திருந்தால் உன்னையும் பார்த்திருக்க மாட்டேன்" என்றார். ராம்ப் பற்றி நான் கற்றதில் முக்கால்வாசி அந்த ஒரு நிமிடத்தில் கற்றதுதான்.

ட்ரெய்லரோடு பின்னால் வருகிறவருக்கு அந்தச் சிமென்ட் பட்டையைத் தவிர வேறு வழி இல்லை. அவருடைய படகு ஒரு டன்னுக்கு மேல் இருக்கலாம், சரிவோ 12 முதல் 15 சதவீதம். பாதியில் நின்றால் பிரேக்கை மிதித்தபடியேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். நம் கயாக்குக்கு அந்தச் சிமென்டே தேவையில்லை. முழங்கால் தண்ணீரும் ஆறடி அகலக் கரையும் போதும். அப்படியிருக்க, அவருக்கு இருக்கும் ஒரே வழியில் நின்றுகொண்டு சீட் மாட்டுவதும் முள் கட்டுவதும், பஸ் படிக்கட்டில் நின்று சில்லறை எண்ணுவது மாதிரி. அவர் சொன்ன வார்த்தை தப்பு. அவருக்கு வந்த எரிச்சலில் நியாயம் இருக்கிறது.

ஆகவே வேலைகள் எல்லாவற்றையும் மேலே பார்க்கிங்கிலேயே முடியுங்கள். பெரிய ராம்ப்களில் சரிவுக்கு முன்னால் படகைத் தயார் செய்வதற்கென்றே ஓரமாக இடம் இருக்கும். இல்லாவிட்டால் சாதாரண கார் நிறுத்தும் கட்டத்தில் செய்யலாம். கூரையிலிருந்து இறக்கி, சீட், தூண்டில்கள், மீன் காட்டும் கருவி, பேட்டரி, ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றிக் கட்டிவிட்டு, லைஃப் ஜாக்கெட்டையும் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். வடிகால் அடைப்பானைத் திருகியாயிற்றா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அதன்பின் இரண்டு சக்கர வண்டியில் கயாக்கை ஏற்றித் தள்ளிக்கொண்டு போனால் போதும். கயாக்குக்காகச் செலவழிக்கும் பணத்தில் மிக உருப்படியானது இந்தச் சக்கர வண்டிதான் என்பேன். சாமானோடு 100 பவுண்டுக்கு மேல் போகும் கயாக்கை அது இல்லாமல் இழுத்தால் அடிப்பகுதி தேயும், நம் முதுகும் போகும். எல்லாம் தயாராக இருந்தால் தண்ணீரில் தள்ளி உட்கார ஒன்றிரண்டு நிமிடம்கூட ஆகாது.

எங்கே இறக்குவது? முதலில் ராம்பின் இரண்டு பக்கமும் பாருங்கள். பெரும்பாலும் புல்லோ சரளையோ மணலோ உள்ள ஓரம் ஒன்று இருக்கும். அதுதான் நம் இடம். கரையில் பெரிய பாறைகள் கொட்டியிருந்தால் அங்கே இறங்க வேண்டாம். கால் சிக்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேறு வழியில்லாமல் சிமென்டில்தான் இறக்க வேண்டுமென்றால், மிதவை மேடை இல்லாத பக்கத்து ஓரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேடைப் பக்கம் படகைக் கட்டிவைக்க அவர்களுக்குத் தேவைப்படும். ஒரே பாதையுள்ள ராம்ப் என்றால் வரிசையில் நின்று, முறை வந்ததும் நேராகத் தண்ணீருக்குப் போய்விடுங்கள். கயாக்கை ட்ரெய்லரிலேயே கொண்டுவருகிறவரும் மற்றப் படகுகளைப் போலவே வரிசையில் வரலாம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

சிமென்டில் நடப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அடிபடுகிறவர்கள் அதிகம். தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே சிமென்டில் பாசி படிந்திருக்கும். மேலே காய்ந்திருக்கும் இடத்தில் நன்றாகப் பிடித்த செருப்பு, ஓரடி கீழே போனதும் வழுக்கிவிடும். பக்கவாட்டாகத் திரும்பிச் சின்ன அடிகளாக வைத்து இறங்குங்கள். இன்னொன்று, பெரிய படகுகளைச் சிலர் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டியே ட்ரெய்லரில் ஏற்றுவார்கள். அந்த நீரோட்டம் சிமென்ட் முடியும் இடத்தில் மண்ணை அரித்துப் பள்ளமாக்கிவிடும். மழையில்லாமல் ஏரி வற்றியிருக்கும் மாதங்களில் அந்த விளிம்பு கரைக்கு அருகிலேயே வந்துவிடும். முழங்கால் தண்ணீர் என்று நினைத்துக் காலை வைத்தால் இடுப்புக்கு மேல் போகும். துடுப்பால் அடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போங்கள்.

விடியுமுன் போகிறவர்களுக்கு வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. ரிவர்ஸில் வருகிறவர் முழுக்கக் கண்ணாடியை நம்பித்தான் வருகிறார். நம் காரின் முகப்பு விளக்கோ தலையில் கட்டிய விளக்கோ அந்தக் கண்ணாடியில் விழுந்தால் அவருக்குக் கண் தெரியாது. காத்திருக்கும்போது கார் முகப்பு விளக்கை அணைத்துச் சிறு விளக்கை மட்டும் எரியவிடுங்கள். தலை விளக்கைத் தரையைப் பார்த்துத் திருப்பிக்கொள்ளுங்கள், சிவப்பு வெளிச்சம் இருந்தால் அதைப் போடுங்கள். ஆனால் ஒருவர் உங்களை நோக்கிப் பின்னால் வரும்போது இருட்டில் சும்மா நிற்காதீர்கள். குரல் கொடுங்கள், ஓரத்தில் நின்று கையை அசையுங்கள். டிரைவர் பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிந்தால்தான் அவருக்கு நீங்கள் தெரிகிறீர்கள் என்று பொருள்.

பார்க்கிங்கில் நம்மவர்கள் அறியாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு. நீளமான கட்டங்கள் டிரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்து நிற்பதற்கு. காலை ஐந்து மணிக்கு முப்பது கட்டமும் காலியாக இருந்தாலும் கூரையில் கயாக் கொண்டுவந்த கார் அங்கே நிற்கக்கூடாது. ஏழு மணிக்கு அதே இடத்துக்காக ஒருவர் படகோடு சுற்றிக்கொண்டிருப்பார். பலகை வைத்த இடங்களில் அபராதமும் உண்டு.

தண்ணீரில் இறங்கியதும் ராம்பின் வாயை விட்டு விலகிப் போய்விடுங்கள். மீன் காட்டும் கருவியைச் சரி செய்வது, தூண்டில் நரம்பைக் கோர்ப்பது, போட்டோ எடுப்பது எல்லாம் நூறு கெஜம் தள்ளி. ராம்பைச் சுற்றி மீன் இருக்கும், உண்மைதான். மீன்பிடிப் போட்டிகளில் பிடித்த மீன்களைத் திரும்ப விடுவதும் பெரும்பாலும் அங்கேதான். ஆனால் படகுகள் வந்துபோகும் வழியில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்காருவது ரயில்வே கேட்டில் கடை போடுவது போல. திரும்பி வரும்போதும் இதே ஒழுங்குதான். வெளியே நின்று, ராம்ப் ஓய்ந்ததா என்று பார்த்து, ஓரமாகக் கரையேறி, முதலில் கயாக்கைப் புல்லுக்கு இழுத்துவிடுங்கள். அதன்பின் காரை எடுக்கப் போங்கள். நான் முதல் வருடம் செய்ததைச் செய்ய வேண்டாம்.

இதில் எது சட்டம், எது வழக்கம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். படகில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும், 13 வயதுக்குட்பட்டவர்கள் அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். பெரியவர்களும் அணிய வேண்டும் என்பது என் பிடிவாதம். பிப்ரவரித் தண்ணீரில் விழுந்து, கை விறைத்தபின் அதை மாட்டுவது நடக்காத காரியம். இருட்டில் துடுப்புப் படகிலும் எல்லாப் பக்கமும் தெரியும் பிரகாசமான விளக்கு ஒன்றாவது எரிய வேண்டும் என்பதும் விதி. நான் அந்த விளக்கைக் கம்பத்தில் வைத்திருக்கிறேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். சின்ன மின்மோட்டார் மாட்டினாலும் கயாக்கைப் பதிவு செய்ய வேண்டும், காலால் மிதித்து ஓட்டும் மிதிகட்டைக்கு வேண்டாம். இவை சட்டம். யார் முதலில் இறங்குவது, இறங்குகிறவருக்கு முன்னுரிமையா ஏறுகிறவருக்கா, கயாக்குக்காரர் மற்றவரை முன்னே விட வேண்டுமா என்பதெல்லாம் வழக்கம், அதுவும் ஏரிக்கு ஏரி மாறுகிறது. நான் போகும் இடங்களில் யார் தயாராக இருக்கிறாரோ அவர் இறங்கலாம் என்பதே நடைமுறை. இதில் என்னோடு வேறுபடும் அனுபவசாலிகளும் உண்டு.

இப்போது இரண்டாவது கேள்வி. நிறத்தைப் பார்த்துத்தான் கத்தினாரா? நான் அங்கே இல்லை, அவர் மனதுக்குள் என்ன இருந்தது என்று சொல்ல முடியாது. எனக்கு உறுதியாகத் தெரிந்தது, அதே ஹார்னையும் அதே வார்த்தையையும் வெள்ளைக்காரக் கயாக்காரர்களும் வாங்கியிருக்கிறார்கள், என் கண்முன்னே. ராம்பை மறித்து நின்றவர்கள்தான் அவர்கள். அதனால் அந்த ஒரு சம்பவத்தை வைத்து, அந்த ஏரியே நமக்கு ஆகாது என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் இனத்தைச் சொல்லித் திட்டினாலோ, மிரட்டினாலோ, வண்டியை உங்கள் மேல் விடுவது போல வந்தாலோ அது ராம்ப் ஒழுங்கு சம்பந்தப்பட்டதே அல்ல. பதில் பேசாமல் விலகி, வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு பூங்கா ரேஞ்சரிடம் சொல்லுங்கள். ஆபத்து என்று தோன்றினால் 911 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள். பொறுத்துப் போவதுதான் மரியாதை என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்; இந்த இடத்தில் அது வேண்டாம்.

மற்ற நேரங்களில் ஒரு வாக்கியம் போதும்: "நீங்கள் முன்னே போங்கள், எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் ஆகும்." இதைச் சொல்லி யாரும் முறைத்ததில்லை. தனியாக வந்து படகு இறக்குகிறவரைப் பார்த்தால், "கயிற்றைப் பிடிக்கட்டுமா?" என்று கேளுங்கள். படகை மிதக்கவிட்டு டிரக்கை நிறுத்தப் போகும் அந்த ஐந்து நிமிடம்தான் அவருக்குப் பெரிய கஷ்டம். நான் ஒருமுறை கயிறு பிடித்த ஒருவர், சாண்ட் பாஸ் என்ற மீன் எந்த ஓடையில் ஏறுகிறது என்று அந்த வசந்த காலம் முழுக்க எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தகவலைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

மூன்றாவது கேள்வி, தண்ணீர் வடிப்பது. ஆம், கயாக்குக்கும் பொருந்தும், அதுவும் சட்டம்தான். 2009-ல் டெக்சோமா ஏரியில் ஜீப்ரா மஸல் என்ற வரிபோட்ட சிறு சிப்பி டெக்சஸில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் ரே ராபர்ட்ஸுக்கும் லூயிஸ்வில்லுக்கும் வந்தது. அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கைப்பிடித் தண்ணீரில் அடுத்த ஏரிக்குப் போய்விடும். போன இடத்தில் குடிநீர்க் குழாய்களை அடைக்கும், படகுகளிலும் மிதவை மேடைகளிலும் மேலுக்கு மேல் ஒட்டிக்கொண்டு வளரும். அதனால் 2014 ஜூலை 1 முதல், ஏரியை விட்டுப் போகும்போதும் ஏரிக்கு வரும்போதும் எல்லாப் படகுகளும், மோட்டார் இல்லாதவையும் சேர்த்து, தண்ணீரை வடித்திருக்க வேண்டும். உயிர்மீன் தொட்டியும் இரை வாளியும் இதில் அடக்கம். அந்த ஏரியில் நீங்களே பிடித்த உயிர் இரையை, அந்த ஏரித் தண்ணீரிலேயே வைத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

கயாக்கில் தண்ணீர் தேங்கும் இடங்கள் நமக்குத் தெரியாமல் இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள குழி, மிதிகட்டை பொருந்தும் துளை, உள்வயிறு, சக்கர வண்டியின் குழாய். அடைப்பானைத் திருகிக் கழற்றி, மூக்கை உயர்த்திச் சாய்த்துப் பிடித்தால் அரைக் குவளையாவது வரும். இதைச் சிமென்டில் செய்யாமல் மேலே பார்க்கிங் ஓரத்தில் செய்யுங்கள். சுக்கானில் சுற்றிய கொடியையும் பிய்த்துவிடுங்கள். சால்வீனியா என்ற மிதக்கும் நீர்ச்செடி கிழக்கு டெக்சஸ் ஏரிகளில் நல்ல வெயில் காலத்தில் ஒரு வாரத்துக்குள் இரண்டு மடங்காகப் பரவுகிறது. நம் ஊர்க் கண்மாய்களை ஆகாயத்தாமரை எப்படி மூடியது என்று பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். அதே ஆகாயத்தாமரையும் இங்கே தடை செய்யப்பட்ட செடிதான்.

அடுத்த சனிக்கிழமை போவதென்றால் எட்டரை மணிக்குப் போங்கள். விடியலில் இறங்கும் பெரிய படகுகள் அதற்குள் போயிருக்கும், உல்லாசப் படகுகள் வரப் பத்து மணியாகும். அந்த ஒன்றரை மணி நேரம் ராம்ப் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். போட்டி நடக்கும் நாளா என்று முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள், நடந்தால் வேறு ராம்புக்குப் போங்கள். தெற்குக் காற்று பலமாக இருந்தால் தெற்குக் கரையில் இறங்குங்கள். கரை மறைப்பில் தண்ணீர் தணிவாக இருக்கும். ஆனால் ஏரியின் நடுவுக்குப் போகாமல் அந்தக் கரையை ஒட்டியே மீன் பிடியுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது எதிர்காற்றில் துடுப்புப் போட்டே நாள் போய்விடும்.